சாலை வரிக்கு டிமிக்கி கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

மத்திய அரசு அலுவலகத்தில் நெடுங்காலம் குப்பை கொட்டியவன் எதையும் முழுதாகப் படிக்க மாட்டான். மேலே ‘பொருள்’ என்று ஒரு வரி இருக்கும், கீழே கடைசிப் பத்தி இருக்கும். இரண்டையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் கோப்பு நகர்ந்துவிடும். நடுவில் இருப்பதை எழுதியவரே இன்னொரு முறை படிக்க மாட்டார். இந்தப் பழக்கத்தால் எனக்கு ஆபீசில் ஒரு கெடுதலும் வந்ததில்லை, பதவி உயர்வுதான் வந்தது. அந்தத் தெம்பில்தான் சாலை வரிச் சுற்றறிக்கையையும் அதே மாதிரி படித்துத் தொலைத்தேன்.

நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. லக்ஷ்மிபாய் நகர் குடியிருப்பில் எங்களைப் போல இன்னும் நான்கு குடும்பங்கள். ஐந்து வீட்டுக் கார்களுக்கும் தமிழ்நாட்டு நம்பர்தான். அந்த நால்வரில் சங்கரலிங்கம் எனக்கு நெருக்கம். திருநெல்வேலிக்காரர். அவருடைய மகள் வித்யாவுக்கு டெல்லியிலேயே வேலை பார்க்கும் ஒரு மதுரைப் பையன் அமைந்திருந்தான். முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சங்கரலிங்கம் வீட்டிலேயே நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பெரும் கூட்டமாகக் காலை ரயிலில் வருகிறார்கள். ஐந்து கார்களோடு போய் அவர்களை அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது. (யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.)

“எல்லாம் சரிதான் வே, அந்தம்மாவ நெனச்சாத்தான் பயமா இருக்கு” என்றார் சங்கரலிங்கம். அந்தம்மா என்றது மாப்பிள்ளையின் அம்மா ராஜேஸ்வரி அம்மாளை. ஏற்கெனவே ஒரு இடத்தில், வாசலுக்கு வந்து வரவேற்கவில்லை என்பதற்காகத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவராம். “மருவாதி கொறஞ்சா அப்படியே ரயில் ஏறிருவாங்க. எம் புள்ள வாழ்க்க ஒம்ம கையிலதான் இருக்கு.”

“எங்கிட்ட விட்டுட்டீங்கல்ல? கவலைய விடுங்க” என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்ன காரியம் எதுவும் உருப்பட்டதில்லை என்று என் மனைவி சுகந்தி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை போனில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பொருள்: வெளிமாநிலப் பதிவு வாகனங்களுக்கான சாலை வரி விதிகளில் மாற்றம். கடைசிப் பத்தி: முதல் தேதி அன்று டெல்லி எல்லைக்குள் இருக்கும் வாகனங்கள் புதிதாக வரி செலுத்த வேண்டும். எனக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. முதல் தேதி அன்று உள்ளே இருந்தால்தானே வரி? அன்று ஒரு நாள் வண்டி வெளியே இருந்துவிட்டால்?

சுகந்தி உட்பட எல்லோர் போனுக்கும் அதை அனுப்பிவிட்டு, நான்கு வீட்டுக்கும் போய் விளக்கினேன். சங்கரலிங்கம் மட்டும் இழுத்தார். “நெசந்தானா வே? அப்போ ஸ்டேஷனுக்கு?”

“டாக்சி எதுக்கு இருக்கு? பட்டனைத் தட்டினா வாசல்ல நிக்கும்.”

சனிக்கிழமை மதியம் ஐந்து கார்களும் வரிசையாக, டெல்லி எல்லைக்கு அப்பால் இருக்கும் ஃபரீதாபாத்துக்குக் கிளம்பின. முதல் வண்டியில் நான். ஏதோ படை நடத்திப் போகும் தளபதியைப் போல ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நீட்டிச் சைகை காட்டினேன். சுகந்தியின் அக்கா வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மெட்ரோவில் திரும்பினோம். அரசாங்கத்தையே ஏமாற்றிவிட்ட களிப்பில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி, நிச்சயதார்த்தத்துக்கு வாழையிலையும் அப்பளமும் கூட வாங்கிவந்தேன்.

ஞாயிறு காலை ஆட்டோ பிடிக்க வாசலுக்கு வந்தால் ஒரு ஆட்டோவையும் காணோம். பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் போனில் டாக்சிக்குத் தட்டினேன். தட்டித் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ஸ்டேஷன் வாசலில் டாக்சிகள் அணிவகுத்து நின்றன. ஆனால் எல்லாவற்றிலும் கறுப்புக் கொடி. டிரைவர்கள் கூட்டமாக உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர்களும் ஆதரவாம்.

சுகந்திக்குப் போன் போட்டேன். “இன்னிக்குப் பார்த்து ஸ்ட்ரைக்காம்! என்னன்னு பாரேன்!”

அவள் நிதானமாகக் கேட்டாள். “என்னங்க, நீங்க அனுப்பின அந்த நோட்டீஸ நீங்க படிச்சீங்களா?”

“படிக்காமலா?”

“மூணாவது பத்தியில, இந்த வரி வாடகை வண்டிகளுக்கு மட்டும், சொந்தக் கார்களுக்குப் பொருந்தாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே. அதை எதிர்த்துத்தான் டாக்சிக்காரங்க ஸ்ட்ரைக்கே பண்றாங்க.”

வரி இல்லாத கார்களை நானே ஊரைவிட்டு ஓட்டிவிட்டேன். வரி போட்ட கார்கள் தாமாகவே நின்றுவிட்டன. தலைநகரில் எனக்கென்று ஒரு சக்கரம் கூடக் கிடையாது. அந்த நேரம் பார்த்து ரயில் வந்து நின்றது.

ராஜேஸ்வரி அம்மாள் பட்டுப்புடவையில் இறங்கினார். பின்னாலேயே சீர்த்தட்டு, பழக்கூடை, குத்துவிளக்கு, பலாப்பழம், பெரியப்பா, சித்தப்பா, வாண்டுகள். (பஸ்ஸில் ஏற்றினால் மரியாதை போய்விடும். மெட்ரோ இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பலாப்பழத்தைச் சோதனை இயந்திரத்துக்குள் தள்ளும் துணிச்சல் எனக்கில்லை. தவிர அந்தம்மாவுக்கு முழங்கால் வலி.)

“வாகனம் எங்க தம்பி நிக்குது?” என்றார்.

“இதோ, ஒரு நிமிஷம்மா” என்று சொல்லிவிட்டு ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று எனக்கே தெரியாது. உண்மையிலேயே அழுகை வந்தது. வித்யாவின் முகம்தான் கண்முன் நின்றது.

டீக்கடை ஓரத்தில் ஒரு பெரிய மூடு வேன் நின்றது. பக்கத்தில் சிவப்புக் கோட்டு, தங்க ஜரிகை, குஞ்சம் வைத்த தொப்பியோடு ஒரு பட்டாளமே டீ குடித்துக்கொண்டிருந்தது. கல்யாண பேண்ட் கோஷ்டி, சொந்த வேனோடு! தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார், நிச்சயதார்த்தம், வண்டி இல்லை, சீக்கிரம் என்று எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் கொட்டினேன். “பையா, லக்ஷ்மிபாய் நகர். லட்கேவாலே. சகாயி. காடி நஹீன். ஜல்தி.”

“அச்சா, சகாயி ஹை?” நிச்சயதார்த்தம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. மோதி பாக்கில் மதியம் அவர்களுக்கு ஒரு கல்யாணமாம், வழிதான். “பைட்டியே, பைட்டியே!” என்று ஏறி உட்காரச் சொன்னார்.

ராஜேஸ்வரி அம்மாளை டிரைவர் பக்கத்தில் ஏற்றினோம். மற்றவர்கள் பின்னால், டிரம்களுக்கு நடுவே. பெரியப்பாவின் மடியில் ஒரு ராட்சத ஊதுகுழல். பலாப்பழம் ஒரு சிவப்புக் கோட்டுக்காரரின் மடியில். வழி நெடுக அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையையே பார்த்தபடி வந்தார். நிச்சயம் நின்றது என்றே முடிவு கட்டிவிட்டேன். சங்கரலிங்கத்தின் காலில் விழுவதா, வேறு ஊருக்கு மாற்றல் கேட்பதா என்பது மட்டும்தான் பாக்கி.

குடியிருப்பு வாசலில் வேன் நின்றது. நாங்கள் இறங்குவதற்குள் சிவப்புக் கோட்டுகள் குதித்து இறங்கி இரண்டு வரிசையாக நின்றுவிட்டன. “சகாயி ஹோ ஔர் பேண்ட் ந பஜே?” என்றார் தலைவர், நிச்சயதார்த்தத்தில் பேண்ட் வாசிக்காமலா என்று. வேண்டாம் வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, கோஷ்டி முழங்கியது பாருங்கள்! அத்தனை பால்கனியும் திறந்துகொண்டது. பக்கத்துப் பிளாக் பஞ்சாபிக் குடும்பம் இரவு உடையிலேயே இறங்கி வந்து ஆட ஆரம்பித்துவிட்டது. கையில் ஆரத்தித் தட்டோடு வெளியே வந்த சங்கரலிங்கம் அப்படியே உறைந்து நின்றார்.

ராஜேஸ்வரி அம்மாள் மெதுவாக இறங்கினார். புடவையைச் சரிசெய்துகொண்டார். இரண்டு வரிசைகளையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏந்தம்பி, ஸ்டேஷனுக்கே பேண்ட் அனுப்பி அழைக்கிறதுதான் டெல்லி வழக்கமா?”

“ஆ... ஆமாம்மா.”

அவர் கண் கலங்கிவிட்டது. “எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இந்த மருவாத கெடச்சதில்ல. நாங்கூட டெல்லிக்காரங்க நம்மள மதிப்பாங்களோ மாட்டாங்களோன்னு ரயிலெல்லாம் பொலம்பிக்கிட்டே வந்தேன். சம்பந்தி, தாம்பாளத்த எடுங்க!”

நல்ல நேரத்துக்குள் தட்டு மாற்றியாகிவிட்டது. பந்தியில் சிவப்புக் கோட்டுகளும் உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்டார்கள். சங்கரலிங்கம் என்னைத் தனியே இழுத்துப்போய்க் கட்டிக்கொண்டார். பிறகு மூன்றாவது பத்தியைப் பற்றிக் கேள்விப்பட்டு அடிக்கவும் வந்தார்.

கதை அதோடு முடியவில்லை. மதுரையில் கல்யாணம் நடந்தபோது, டெல்லி வழக்கத்தை விடக்கூடாது என்று அந்தம்மா நாதஸ்வரத்தோடு பேண்டும் வைத்தார். வளைகாப்புக்கு பேண்ட். பேரனுக்குக் காது குத்தும்போது பேண்ட். அவன் வீறிட்டு அழுத சத்தம் வெளியே கேட்கவேயில்லை. அவர்களைப் பார்த்துச் சொந்தக்காரர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். இப்படி விசேஷங்களில் கூடும்போது அந்தம்மா அறையைவிட்டு வெளியே போனதும் யாராவது என்னைப் பார்த்து, “மூணாவது பத்தி!” என்பார்கள். மொத்தக் குடும்பமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். வித்யாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பாள். அந்தம்மாவிடம் மட்டும் இதுவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது.

போன வாரம் அவரே எனக்குப் போன் செய்தார். புதுக் கார் வாங்குகிறார்களாம், சாலை வரியெல்லாம் கட்டியாகிவிட்டதாம்.

“தம்பி, வழக்கம் தெரிஞ்சவரு நீங்க. அதான் கேக்குறேன். புதுக் கார் எடுக்கையில, உங்க டெல்லியில பேண்ட் உண்டா?”

சுகந்தி எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உண்டும்மா,” என்றேன். “கண்டிப்பா உண்டு.”