எட்டில் ஒரு பங்கு ஜீப்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவில் மழை ஒழுகாத மூலை ஒன்றுதான். அங்கேதான் என் மகள் தவழ்கிறாள். தரையில் கிடப்பதெல்லாம் அவளுக்குச் சாப்பாடு. போன மாதம் ஒரு சட்டைப் பொத்தான் தொண்டையில் சிக்கி முகம் நீலமாகிவிட்டது. கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டிய பிறகுதான் அழுதாள். அன்றிலிருந்து ஒரு புளியங்கொட்டையைக் கண்டாலும் ஓடிப் போய்ப் பொறுக்கிவிடுகிறேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் கஜேந்திரன் ஒரு முடிவெடுத்தார். தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். துண்டு துண்டாக வரும் பொம்மை ஜீப் ஒன்றை வாங்கி, தானே ஒட்டப் போகிறாராம்.

"வேணாங்க. புள்ள வாயில போட்டுக்கும்."

"மேல பலகையில வச்சுத்தான் ஒட்டுவேன்."

"கீழ விழாதா?"

"இந்த மலையில லொறி ஓட்டுற கை இது. எதுவும் விழாது."

சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது.

இரண்டாம் தடவை வேண்டாமென்றால் எனக்குத் தெரியாமல் வாங்கிவிடுவார். கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கப் போனேன்.

மறுநாள் போனை நீட்டினார். கொழும்புக் கடை ஒன்று. ஒரே ஜீப், இரண்டு அளவு: 1:72, 1:8.

"நீ கான்வென்ட்ல படிச்சவதானே. எது சின்னது? சின்னதுன்னாத்தான் பலகையில அடங்கும்."

வரைபடப் பாடத்தில் சிஸ்டர் சொல்லித் தந்திருக்கிறார். ஒன்றுக்குப் பக்கத்து எண் பெருகப் பெருக, காகிதத்தில் ஊர் சுருங்கும். எழுபத்திரண்டில் ஒரு பங்கென்றால் முழு ஜீப்பும் தீப்பெட்டிக்குள் போகும். சக்கரம் மாத்திரை அளவு. என் பிள்ளையின் தொண்டைக்கு அளவெடுத்த மாதிரி.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றேன்.

"இதென்ன பெரிய கணக்கா? எட்டுக் கிலோ கொழுந்து சின்ன மூட்டை. எழுபத்திரண்டு கிலோ பெரிய மூட்டை. எட்டுதான் சின்னது."

"தெனமும் தராசு பாக்குறவங்க. நான் என்னத்தச் சொல்ல."

பார்சல் ஹட்டன் டவுனில், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் ஷிஹாபின் புத்தகக் கடைக்கு வந்தது. சட்டைப் பையில் போட்டு வருவதாகக் கிளம்பினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பெட்டி தொட்டில் அளவு இருந்தது.

"சின்னதுதான் எடுத்தேன்," என்றார் இவர், மெதுவாக.

"இது சின்னதுன்னா, பெரிசுக்கு லைசன்ஸ் கேப்பாங்க தம்பி," என்றார் நானா.

திறந்தோம். டயரெல்லாம் கோப்பைத் தட்டு அளவு. கொஞ்சம் மூச்சு வந்தது. அடியில் ஒரு பொட்டலம் நிறையக் குட்டித் திருகாணிகள். வந்த மூச்சு நின்றது.

"இது வீட்டுக்கு வந்தா, அந்த மூலை இதுக்குத்தான் சரி. நாம மூணு பேரும் மழையிலதான் படுக்கணும்," என்றேன். "நானா, உங்க கண்ணாடி அலுமாரியில எடமிருக்குங்களா?"

"தாராளமா. இங்கயே வந்து ஒட்டட்டுமே."

இவர் என்னையே பார்த்தார். "ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தராசுக் கணக்கு சொன்னது நீங்கதானே."

அன்றும் தரை முழுக்கக் கையால் தடவிப் பார்த்த பிறகே பிள்ளையைக் கீழே விட்டேன்.

ஞாயிறுதோறும் போய் ஒட்டி முடித்தார். போன வாரம் ஜீப்பைத் தொட்டுப் பார்க்க ஆசையாய் அலுமாரியைத் திறக்கப் போனவரை, இன்னாரென்று தெரியாமல், நானாவின் மனைவி ரம்லா தடுத்திருக்கிறார்.

"கை வைக்காதீங்க தம்பி, அது விக்கிறதுக்கில்ல."