ஆனந்த நிழலில் இன்னொரு மதியம்

நெய்வேலி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள திலகவதி அத்தைக்கு,

செங்குட்டுவன் வணக்கத்துடன் எழுதுவது. குவார்ட்டர்ஸில் அம்மா, அப்பா, நான், வாசல் வேப்பமரம், அதன் மேல் பனி, எல்லோரும் நலம். பண்ருட்டியில் நீங்களும் மாமாவும் வெயிலில் காய்கிற முந்திரியும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். அதனால் கடிதம்.

நீங்கள் பார்த்த சம்பந்தம் நடக்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வீகன் என்பது உங்களுக்குத் தெரியும். கறி, மீன், முட்டை இல்லை. பாலும், பாலிலிருந்து வருகிற எதுவும் இல்லை. ஒரு காலையில் டீயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு யாருக்கோ வந்த தபாலைப் பிரித்துவிட்டது போல இருந்தது. அவ்வளவுதான் காரணம். மழைக்காலத்தில் ஆனந்த நிழல் ஹோட்டலுக்குப் போய், பால் சேர்க்காமல் ஏதாவது கொடுங்கள் என்றேன். தயிர்சாதம் வந்தது. இது பாலாச்சே என்றேன். "பால் எங்கங்க இருக்குது? அதான் தயிராயிடுச்சே" என்றார் பரிமாறுகிற விஜயராஜ். ஒரு வாழைப்பழத்தோடு எழுந்து வந்தேன்.

பெண் வீட்டாரை அங்கேயே சந்திக்கலாம் என்று நீங்கள் சொன்னபோது மறுத்திருப்பேன். ஆனால் சத்யாவின் போட்டோ. அதில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் எதையோ பார்க்கிறாள். எனக்கு அவளோடு பேச வேண்டும் போல இருந்தது. ஹோட்டலுக்கும் இன்னொரு மதியம் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முன்கூட்டியே மேனேஜர் சிங்காரவேலுக்குப் போன் செய்தேன். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், முட்டை, தேன், எதுவும் கூடாது. ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றார். பிறகு குரல் தாழ்ந்து, "எத்தனாவது வருஷங்க?" என்றார். "ரெண்டாவது வருஷம்" என்றேன். "நல்லதுங்க. நாங்க பாத்துக்கறோம்."

இது மலைக்கு மாலை போடுகிற மாதம் என்பது எனக்கு நினைவில்லை. இன்று மதியம் கறுப்புச் சட்டையில் போனேன். தாடி ஏற்கெனவே இருந்தது. நீங்கள் நீலச் சட்டை போடச் சொன்னீர்கள். நீங்கள் சொன்னது சரி.

உள்ளே போனால் மூலையில் தனி மேசை, கழுவிவிட்ட தரை, ஊதுபத்தி, புது டம்ளர், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற விஜயராஜ், "வாங்க சாமி" என்கிறார், ஷிப்டு முடிந்து சாப்பிட வந்தவர்கள் எழுந்து வழி விடுகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே அனல்மின் நிலையத்துப் புகை மெதுவா சாஞ்சிகினு இருக்குது, உள்ளே இட்லிப் பானை ஆவி, ரெண்டும் ஒண்ணுதான்னு தோணுது, ஊர் மொத்தமும் யாருக்காகவோ வெந்துகினு இருக்குது, எனக்கு எதையும் மறுக்கத் தோணாமல் உட்கார்ந்துட்டேன் அத்தை. அப்போதுதான் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் இறங்கி சத்யாவும் அவள் அப்பா கண்ணையனும் வந்தார்கள்.

அவர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி மாலை போட்டிருக்குதுன்னு திலகவதி அக்கா சொல்லவே இல்லீங்களே."

"நான் சாமி இல்லீங்க. எனக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது."

"பக்குவப்பட்டவங்க இப்பிடித்தான் பேசுவாங்க."

"மாலை சட்டைக்குள்ள இருக்குதுங்க" என்றார் விஜயராஜ், நேரில் பார்த்தவர் போல.

விரதத்தில் இருக்கிறவரிடம் பெண்ணைக் காட்டக் கூடாதாம். அடுத்த மேசையில், எனக்கு முதுகு தெரிய, சத்யாவை உட்கார வைத்தார். நான் பார்த்த பெண் ஒரு பின்னல். சாப்பிடும்போது லேசாக ஆடும். ஒரு கனகாம்பரம் கழன்று பாதியில் தொங்கியது. விழுமா, விழாதா என்று பார்த்தபடியே கூட்டு, பொரியல், வத்தக்குழம்பு எல்லாம் சாப்பிட்டுவிட்டேன். எதிலும் பால் இல்லை. ஆனந்த நிழலை மனசுக்குள் மன்னித்தேன்.

கடைசியில் சிங்காரவேலே டம்ளரோடு வந்தார். பாயசம். மாட்டுப்பால் இல்லையாம், முந்திரியை அரைத்துப் பிழிந்த பாலாம். மேலே மஞ்சளாக ஏதோ மிதந்தது.

"நெய்யா?"

"கடை நெய் இல்லீங்க சாமி. எங்க வூட்டு மாட்டுது. காலையில நானே உருக்கினது."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். குடித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. டம்ளரைத் தள்ளி வைத்தேன். "மன்னிச்சிருங்கண்ணே. முடியாது."

சத்யா திரும்பினாள். அப்பா தடுப்பதற்குள் டம்ளரை எடுத்தாள். "சாமிக்கு வச்சது வீணாப் போகலாமாப்பா?" குடித்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் குடுத்து வைக்கல" என்றாள். மேலுதட்டில் பாயசம். பஸ் வந்துவிட்டது.

கண்ணையன் மறுபடியும் கும்பிட்டுவிட்டுப் போனார். தான் கும்பிடுகிறவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பார்? சாமி என்று நம்பினால் மலைக்குத்தான் அனுப்புவார். இல்லை என்று தெரிந்தால் நான் ஏமாற்றுக்காரன். அதனால் நீங்களே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மாலை இல்லை, விரதம் இல்லை, கல்யாணமும் வேண்டாம். அந்த ஹோட்டல் இருக்கிற தெருவுக்கே இனி போக மாட்டேன். தனிமை பழகிவிடும். ஜன்னல் இருக்கிறது. புகை இருக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி, வழக்கம்போலத் திட்டோடு சேர்த்து, வேண்டும்.

உங்கள்
செங்குட்டுவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சத்யாவின் மெசேஜ். நம்பர் நீங்கள் கொடுத்ததாம். "பசு நெய்யையே தள்ளி வச்ச புள்ள பாட்டிலத் தொடுமான்னு அப்பா பஸ்ஸு முழுக்கச் சொல்லிகினு வந்தாரு. அவருக்குப் புடிச்சிருச்சு. நீங்க சாமி இல்லன்னு எனக்குத் தெரியும். எனக்கும் புடிச்சிருக்குது. அவசரப்பட்டு அவர்கிட்ட உண்மை எதுவும் பேசிடாதீங்க." ஆகவே, அத்தை, மேலே எழுதிய எதையும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். தை மாதம் நிச்சயதார்த்தம், ஆனந்த நிழலில்தானாம். சிங்காரவேலுக்குப் போன் செய்து, நெய்யே கூடாது என்று தெளிவாகச் சொன்னேன். "புரியுதுங்க சாமி. வெண்ணெயா வச்சிடறோம்" என்றார். சரி என்றுவிட்டேன்.