மேவிஸ் அம்மாளின் ஆழ்ந்த உறக்கம்

"இதைச் செத்தவங்க கையில கட்டினா என்ன காட்டும்?"

ஞாயிறு பள்ளியில் என்னிடம் இப்படிக் கேட்டவள் டில்லி. வயது ஆறு. முன்பல் இரண்டு இல்லை. அவள் விரல் காட்டியது என் மணிக்கட்டை. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தருகிறவன் நான். உண்மையைத் தேடுங்கள் என்று வாரந்தோறும் சொல்கிறவன். அதனால், "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது கண்ணு" என்று சொல்லி, ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்து அவளை உட்காரவைத்தேன்.

என் மணிக்கட்டில் இருந்தது உயிரொளிப் பட்டை. கறுப்பு ரப்பர். அடியில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கும். உங்கள் உடல், மனம், ஆன்மா மூன்றையும் அளந்து, கூட்டி, வகுத்து, நூற்றுக்கு இவ்வளவு என்று கைபேசியில் ஓர் எண்ணைக் காட்டும். எங்கள் ஊர் கூராமினில் அது இல்லாத மணிக்கட்டு அநேகமாக ஒன்றுதான்: கசாப்புக் கடை நோலீனுடையது.

ஊரே எண்ணாகிப் போயிருந்தது. "எப்படி இருக்கே?" என்று கேட்டால் யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்வதில்லை, மணிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். காலையில் ஐம்பதுக்குக் கீழே காட்டினால் கோதுமை அறுக்கப் போவதில்லை. கோதுமை காத்திருந்தது. கோவிலில் போதகர் "சமாதானம் உங்களோடிருப்பதாக" என்றபோது, பாதிப் பேர் குனிந்து பார்த்துவிட்டு, "இருக்கு, எழுபத்தொண்ணு" என்றார்கள்.

தபால் கடை பெவ் ஒருபடி மேலே போனாள். நடந்தால்தான் எண் ஏறும், அவளுக்கோ முழங்கால் வலி. பட்டையைத் தன் மந்தை நாயின் கழுத்தில் கட்டி ஆடுகளுக்குள் விரட்டிவிட்டாள். சாயங்காலம் கைபேசி அவளைப் பாராட்டியது: "நாற்பத்திரண்டு கிலோமீட்டர்! உங்கள் மன உறுதி மலையைப் பெயர்க்கும்." பெவ்வுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வாரம் ஊரில் பாதி நாய்கள் பட்டையோடு ஓடின. நாய்க்குப் பட்டை கட்டி இயந்திரத்தை ஏமாற்றத் தெரிந்த எங்களுக்கு, அந்த இயந்திரத்தை எப்படி நம்புவது என்று யோசிக்கத் தெரியவில்லை.

பட்டையைக் கொண்டுவந்தவன் ஜாரட் வின்ஸ்லோ. கடற்கரைப் பக்கத்துக்காரன். வெறுங்கால், வெள்ளைச் சட்டை, அதைவிட வெள்ளையான பல். பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டான். கையிலுள்ள பலகைக்கணினித் திரையைத்தான் பார்ப்பான். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் எங்கள் பௌல்ஸ் கிளப் மண்டபத்துக்கு வந்து, ஒவ்வொருவராக அழைத்து, அவர்களுடைய எண்ணுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று படித்துச் சொல்வான். மூன்று ஊர் தள்ளியிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எண் குறைவாக இருந்தால் அவன் பெருமூச்சு விடுவான். "ஒளி உள்ள இருக்கு. வெளிய வர வழியில்லாம தவிக்குது. பொன் நிலைக்கு மாறுங்க." பொன் நிலை என்றால் மாதச் சந்தா மூன்று மடங்கு. மாறியவர்களின் ஒளி மறுநாளே வெளியே வந்துவிடும்.

அவனுக்கு மண்டபத்தை இலவசமாகக் கொடுத்தது யார் என்று கேட்பீர்கள். கிளப் செயலாளர். அதாவது நான்.

இதெல்லாம் சிரிப்பாகவே முடிந்திருக்கும், க்ளாரி மட்டும் இல்லாதிருந்தால்.

க்ளாரி நாற்பது ஆண்டு ஆட்டுமயிர் கத்தரித்தவன். இப்போது வயது எழுபத்தொன்று. வீட்டு வாசலிலிருந்து தபால் பெட்டிவரை நடக்க மூன்று முறை நின்று மூச்சு வாங்குவான். இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று அடைத்துவிட்டன. நகரத்து மருத்துவமனையில் அறுவைக்காகப் பத்து மாதம் காத்திருந்து, கடைசியில் கடிதம் வந்தது: இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை வந்து சேரவும். அது வந்த வாரம்தான் அவன் பொன் நிலைக்கு மாறினான். அறுபத்தொன்றாக இருந்த எண் தொண்ணூற்றேழு ஆனது.

"தொண்ணூத்தேழுய்யா!" என்றான் என்னிடம், வேலியைப் பிடித்துக்கொண்டு. "போதகருக்கே எண்பதுதான். இவ்வளவு நல்ல நெஞ்சை எதுக்கு அறுத்துப் பாக்கணும்?"

"டாக்டர் சொன்னாரே, க்ளாரி?"

"டாக்டர் வருஷத்துக்கு ரெண்டு தடவை பாக்குறார். இது ராவும் பகலும் பாக்குது." மூச்சு வாங்கினான். "வெள்ளிக்கிழமை மேடையில அந்தக் கடுதாசியைக் கிழிக்கப் போறேன். ஜாரட் படம் பிடிக்கிறானாம். ஊர் ஊரா காட்டுவானாம்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் மணிக்கட்டு என்னைச் சொல்லவிடவில்லை. நானே கட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னொருவனை எப்படிக் கழற்றச் சொல்வது?

சொல்ல வேண்டிய கடன் எனக்கு மற்றவர்களைவிட அதிகம். மூன்று கோடைக்கு முன் என் மனைவி ஈனிட் நகரத்து மருத்துவமனையில் ஏழு வாரம் கிடந்தாள். நானும் அவளோடு அங்கேயே இருந்தேன். திரும்பி வரும்போது நான் தனியாள். காய்ந்த புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும், காட்டுத்தீக் காலம் வேறு தொடங்கிவிட்டதே என்று பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். புல் ஒட்ட வெட்டியிருந்தது. ஈனிட் டாஃபடில் பூக்கிழங்கு புதைத்திருந்த மூலையில் மட்டும் யாரோ புல்வெட்டியின் கத்தியைத் தூக்கி, சுற்றிப் போயிருந்தார்கள். கோடையில் அங்கே இலைகூட இருக்காது. கிழங்கு எங்கே இருக்கிறதென்று தெரிந்தவன் ஒருவன்தான்; அதைக் கொடுத்தவன். கேட்டேன். "எந்தப் புல்லு?" என்றான் க்ளாரி. அதோடு சரி.

திங்கட்கிழமை காலை, தொத்திறைச்சி வாங்கப் போனபோது, டில்லி கேட்டதை நோலீனிடம் வேடிக்கையாகச் சொன்னேன். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வாயைப் பாரு" என்று சிரித்தேன்.

நோலீன் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். மெதுவாகத் திரும்பி, பின்னால் கொக்கியில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"க்ளாரி நெசமாவே கிழிக்கப் போறானா?"

"அப்படித்தான் சொல்றான்."

"அந்தக் குழந்தைக்கு என்ன பதில் சொன்னே?"

"பிஸ்கட் கொடுத்தேன்."

"நல்ல பதில்" என்றாள். செவ்வாய்க்கிழமை அவளும் பெவ்வின் தபால் கடையில் ஒரு பட்டை வாங்கினாள் என்று கேள்விப்பட்டு ஊரே மகிழ்ந்தது. கடைசி ஆடும் மந்தைக்குள் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி, வெளியே புல்தரையிலும் ஆட்கள். வழக்கம்போல முதலில் ஜாரட், பிறகு சீட்டு விழுந்தவருக்கு இறைச்சி தரும் குலுக்கல். குலுக்கலுக்கு நோலீன் கொண்டுவந்த தட்டு மேடை ஓரத்து மேசையில், துணி போர்த்தியிருந்தது. முன்வரிசையில் க்ளாரி. கல்யாணச் சட்டை. பையில் கடிதம்.

ஜாரட் கைகூப்பினான். "அன்பு உள்ளங்களே! க்ளாரி ஐயா மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி, யாருக்காவது தங்களோட எண்ணைப் புரிஞ்சுக்கணுமா?"

நோலீன் எழுந்தாள். "எனக்கில்ல. எங்கிட்ட ஒருத்தி இருக்கா. மேவிஸ்னு பேர். அவளை இங்க நடத்திக் கூட்டிட்டு வர முடியாது."

"படுக்கையிலயா, அம்மா?"

"மூணு நாளா அசையல. குளிர்ல கிடக்கா."

மண்டபம் உச்சுக்கொட்டியது. நோலீன் இப்படி ஒரு சொந்தக்காரியை ஒளித்து வைத்திருந்தது யாருக்கும் தெரியாது.

"தூரம் ஒரு தடையே இல்லை" என்றான் ஜாரட். திரையைத் தடவினான். "மேவிஸ்... மேவிஸ்... ஆகா!" கண்ணை மூடித் திறந்தான். "நண்பர்களே, எனக்குச் சிலிர்க்குது. தொண்ணூத்தேழு! நம்ம க்ளாரி ஐயாவுக்குச் சமம். உறக்கத்தைப் பாருங்க, அறுபத்தோரு மணி நேரம் ஆழ்ந்த உறக்கம்! கோபம் இல்லை. ஆசை இல்லை. பொறாமை இல்லை. இந்த அம்மா அன்பைத் தவிர வேற எதையும் இந்த உலகத்துக்குக் கொடுத்ததில்லை."

"அது உண்மைதான்" என்றாள் நோலீன். "உடம்புக்கு ஏதாவது?"

"நெஞ்சு இரும்பு. சின்ன வயசுல அம்மாவைப் பிரிஞ்ச துக்கம் கொஞ்சம் தங்கியிருக்கு. அப்புறம்..." திரையைப் பெரிதாக்கினான். "ஈரல் மட்டும் லேசா களைச்சிருக்கு."

"ஈரலை நான் புதன்கிழமையே வித்துட்டேன்" என்றாள் நோலீன்.

துணியை இழுத்தாள்.

தட்டில் ஓர் ஆட்டுத்தொடை. நல்ல தொடை, கொழுப்பு அளவாக. கணுப்பக்கம் எங்கள் எல்லோர் மணிக்கட்டிலும் இருந்த அதே கறுப்புப் பட்டை. பச்சை விளக்கு மினுமினு என்று, உற்சாகமாக.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அப்போது நோலீனின் கைபேசி சத்தமாகச் சொன்னது: "மேவிஸ், ரொம்ப நேரமாகப் படுத்திருக்கிறீர்கள். எழுந்து சற்று நடக்கலாமே?"

பின்வரிசையில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். ஜாரட்டின் பல் மட்டும் சிரித்தபடியே இருந்தது. "இது... இது ஒரு அற்புதம், நண்பர்களே. உடல் போனாலும் ஒளி போறதில்லைன்னு விஞ்ஞானமே..."

"அப்போ ஆட்டுக்கும் ஆன்மா உண்டா?" என்று பெவ் பக்தியோடு கேட்டாள். அந்த ஒரு நொடியில் ஊர் திரும்ப அவன் பக்கம் சாயப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தொடைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள்.

நோலீன் விடவில்லை. "ஏம்மா பெவ், கேளு. செவ்வாய்க்கிழமை கட்டினேன். இலவச வாரம். அம்பத்தெட்டு காட்டிச்சு. வியாழக்கிழமை பொன் சந்தா கட்டினேன். தொண்ணூத்தேழு. நடுவுல இந்தத் தொடை பண்ணின காரியம் ஒண்ணே ஒண்ணுதான், குளிர்பெட்டியில தொங்கிச்சு. மாறினது தொடையா, சந்தாவா?"

 நூறு பேர் ஒரே நேரத்தில், தாங்கள் பொன் நிலைக்கு மாறிய நாளை நினைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

நோலீன் படியிறங்கி க்ளாரி முன்னால் வந்து நின்றாள். குரல் இறங்கிவிட்டது.

"உன் எண் என்ன க்ளாரி?"

"தொண்ணூத்தேழு."

"அதுக்கும் அதேதான். அதுக்கு நெஞ்சே கிடையாதுய்யா. இருபத்தெட்டு வருஷமா நெஞ்சைக் கையில எடுத்துப் பாக்குறவ நான். நல்லதும் பாத்திருக்கேன், அடைச்சதும் பாத்திருக்கேன். ஒண்ணுகூட வெளிச்சம் போட்டுக் காட்டினதில்லை."

க்ளாரி பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். ஜாரட் பழக்கத்தில் கைபேசியைத் தூக்கிப் படம்பிடிக்கத் தயாரானான். க்ளாரி கடிதத்தைப் பிரித்து, தூரமாகப் பிடித்து, உதடு அசையப் படித்தான். பிறகு அதை மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டான். மணிக்கட்டுப் பட்டையை அவிழ்க்க முயன்றான். கொக்கி அசையவில்லை. நான் போய் அவிழ்த்துவிட்டேன். பிறகு என்னுடையதையும்.

"திங்கட்கிழமை வெள்ளென கிளம்பணும்" என்றான் க்ளாரி. "பயமா இருக்கு நோலீன்."

"இருக்கட்டும். இருக்க வேண்டியதுதான். வண்டி நான் ஓட்டுறேன்."

கழற்றிய பட்டைகள் மேசையில் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஜாரட் பின்கதவு வழியாகப் போனான். கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு ஓடுவதற்கு எத்தனை எண் கிடைத்ததோ தெரியாது. காவல்துறைக்கு நான்தான் எழுதினேன், மண்டபம் கொடுத்தவன் யார் என்பதையும் சேர்த்து. குலுக்கலில் தொடை விழுந்தது பெவ்வுக்கு. "ஐயோ, மேவிஸை நான் எப்படிச் சாப்பிடுவேன்!" என்று அழுதாள். ஞாயிறு மதியம் புதினாச் சட்னியோடு சாப்பிட்டாள்.

அன்று காலை ஞாயிறு பள்ளியில் டில்லியிடம் சொன்னேன்: "நீ போன வாரம் கேட்டது நல்ல கேள்வி. பதில் தொண்ணூத்தேழு." அவள் யோசித்துவிட்டு, "அப்போ அந்தக் கேள்வியை நீங்க ஏன் கேக்கல?" என்றாள். இந்த முறை கையில் பிஸ்கட் இருந்தும் நான் கொடுக்கவில்லை.

நான் கடவுளை நம்புகிறவன். இன்றும் நம்புகிறேன். அவர் இந்த நாள்வரை என்னிடம் மாதச் சந்தா கேட்டதில்லை. கேள்வி கேட்காதே என்றும் சொன்னதில்லை. யோசிக்கட்டும் என்று தலையைக் கொடுத்தவர், அதைக் குனிந்து மணிக்கட்டைப் பார்க்கவா கொடுத்தார்? உங்கள் வீட்டுக் குழந்தை எதையாவது காட்டி "இது எப்படித் தெரியும்?" என்று கேட்டால், தயவுசெய்து பிஸ்கட் டப்பாவைத் தேடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை அறுவை. புதன்கிழமை நோலீன் அங்கிருந்து பேசினாள். கண் விழித்துவிட்டான், தேநீர் கேட்டான், தேநீரில் சர்க்கரை போதாது என்று தாதியைத் திட்டினான். வீட்டுக்கு வர ஐந்து வாரம் ஆகும்.

வியாழக்கிழமை விடிந்ததும் என் புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். தெருவில் ஆளில்லை. அவன் நாயைக்கூட பெவ் கூட்டிப்போயிருந்தாள். காய்ந்த புல் முழங்காலுக்கு மேல் நின்றது. வேலியிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக வெட்டினேன். தண்ணீர்த்தொட்டிப் பக்கம் நாய் எலும்பு புதைத்துவைக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே கத்தியைத் தூக்கி, சுற்றிப் போனேன்.

என் மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது. எத்தனை அடி நடந்தேன் என்று எதுவும் எண்ணவில்லை.