சறுக்குவண்டியில் ஏறிய மேடை

ஒரு காட்டில் பனி பெய்ததே கிடையாது. அதனால் அங்கே பனிச் சறுக்குவண்டிப் பந்தயக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கியபோது யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. நடக்க வாய்ப்பில்லாத ஒன்றை நிர்வகிப்பதில் சண்டை வராது என்று நினைத்தார்கள்.

சண்டை வந்தது. எதிர்த்துப் பேசுகிறவரைத் துணைத்தலைவர் ஆக்கிவிடுவது கூட்டமைப்பின் வழக்கமாயிற்று. தலைவர் காட்டுப்பன்றி. செயலாளர் முள்ளம்பன்றி. வருகிற கடிதங்களை முதுகு முட்களில் குத்தி வைத்துக்கொள்வார். அலுவலகம் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. கீரி, உடும்பு, இரண்டு மந்திகள், ஒரு முயல் என்று மற்ற எல்லோரும் துணைத்தலைவர்கள். ஆமை மட்டும் எதிர்த்துப் பேசியதே இல்லை. “யாருக்காவது ஆட்சேபம் உண்டா” என்று கேட்ட நேரத்தில் தற்செயலாகக் கழுத்தை நீட்டியது. அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பொட்டு ஒரு நாய். செம்மண் நிறம். நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு பொட்டு. அவள் குட்டியாக இருந்தபோது கூட்டமைப்பின் தொடக்க விழாவுக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு சறுக்குவண்டியைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். சக்கரம் இல்லை. அடியில் நீளமாக இரண்டு சறுக்குக் கட்டைகள். ஐந்து நாய்களை வாரில் பூட்டினால் இது வழுக்கிக்கொண்டு பின்னாலேயே வரும் என்று விளக்கினார்கள். மற்றக் குட்டிகள் விழாவுக்கு வந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பொட்டு வாரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பு இல்லாமல் போய்விட்டது.

நான்கு நாய்களைச் சேர்த்து ஓர் அணி அமைத்தாள். பாக்கு மட்டையில் தேவாங்கை உட்காரவைத்து இழுத்துப் பழகினார்கள். வண்டி ஓட்டுகிறவர் நாயாக இருக்கக்கூடாது என்பது விதி. தேவாங்கைத் தவிர வேறு யாரும் அந்த வேலைக்கு மனுப் போடவில்லை. தேவாங்குக்குப் பகலெல்லாம் தூக்கம். பந்தயம் பகலில்தான் நடக்கவேண்டும் என்பதும் விதி.

முதல் பருவத்தில் பனி இல்லை என்று பந்தயத்தைத் தள்ளி வைத்தார்கள். அடுத்த பருவத்தில் பனியைப் பற்றி முடிவெடுக்கும் குழுவில் யார் யார் இருப்பது என்பதில் தகராறு. அதற்கடுத்த பருவத்தில் ஊக்கமருந்துச் சோதனை நடந்தது. எல்லா நாய்களும் தேறின. சோதனை செய்த கீரிதான் தேறவில்லை. ஒவ்வொரு முறையும் பொட்டு செயலாளரைத் தேடிப் போவாள்.

“ஐயா, இந்த வருஷமாவது நடக்குமா?”

“நடத்தணும்னுதாம்மா எல்லாரும் துடியா துடிக்கிறோம். உனக்குத் தெரியாததா?”

“எனக்கு வயசாகுதுங்க.”

“யாருக்குத்தான் ஆகலை?” என்பார் முள்ளம்பன்றி. பிறகு முதுகைச் சிலிர்ப்பார். ஒரு கடிதம் கீழே விழும். அதை எடுத்துக் குத்தித் தரச் சொல்வார்.

எட்டு வயதான நாய் பந்தயத்தில் ஓடக்கூடாது. ஆலோசகர் ஆகலாம். அடுத்த பருவத்தில் பொட்டுவுக்கு எட்டு வயது. ஓடினால் இந்த முறைதான். இல்லாவிட்டால் ஆலோசகர்.

அந்த வருடம் கூட்டமைப்புக்கும் ஒரு நெருக்கடி வந்தது. மழைக்காலம் முடிந்ததும் வலசை வரும் பட்டைத்தலை வாத்து, வடக்கே இருக்கும் தலைமையகத்திலிருந்து கடுமையான செய்தியோடு வந்து இறங்கியது. இந்தப் பருவத்தில் ஒரே ஒரு பந்தயமாவது நடத்த வேண்டும். இல்லையென்றால் அங்கீகாரம் போய்விடும்.

“அங்கீகாரம் போனா நாம யாரு?” என்று கேட்டார் தலைவர்.

முயல் முனகிக்கொண்டே சொன்னது: “நான் முயல்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடியும் முயல்தான்.”

எல்லோரும் தங்களைத் தாங்களே ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். பந்தயம் நடத்துவது என்று ஒரு மனதாக முடிவாயிற்று.

கூட்டமைப்பின் பனி நோக்கர் ஒரு கிளி. சரிவின் உச்சியிலிருந்த இலவ மரத்தில் உட்கார்ந்து, பனி வருகிறதா என்று பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பங்குனி வெயிலில் இலவங்காய்கள் படபடவென்று வெடித்தன. பஞ்சு பறந்து வந்து சரிவு முழுவதும் விரித்துப் போட்டதுபோல் படிந்தது. கிளி பறந்து போய் அறிக்கை கொடுத்தது.

“வெள்ளையா இருக்கு. மேலேர்ந்து விழுது. மூக்குல ஏறுது. பனிதான்.”

“பனி மூக்குல ஏறுமா?” என்று கேட்டார் செயலாளர்.

“நீங்க பனியைப் பாத்திருக்கீங்களா?”

“இல்லை.”

“நானும் பாத்ததில்லை. அப்புறம் யாருக்கு என்ன சந்தேகம்?”

விதிநூலைப் பிரித்துப் பார்த்தார்கள். தரையை மூடிய, மென்மையான, வெண்ணிறப் பொருள் என்றுதான் போட்டிருந்தது. குளிர வேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

செய்தி கேட்ட இடத்திலேயே பொட்டு மூன்று சுற்றுச் சுற்றித் தன் வாலைக் கடித்தாள். அவளுக்கு இருந்த கவலை ஒன்றுதான். மேற்கிலிருந்து காற்று கிளம்பினால் சரிவில் ஒரு பஞ்சுகூடத் தங்காது.

பந்தய நாள் வந்தது. இரண்டு அணிகள். ஒன்று பொட்டுவின் அணி. மற்றது செந்நாய்களின் அணி. அதற்கு வீரணன் என்ற செந்நாய் தலைமை. மேலே இலவ மரத்தடியில் தொடக்கம், கீழே ஆற்று மணலில் முடிவு. முடிவுக்கோட்டில் தலைமையகத்தின் பார்வையாளராக வாத்து போய் நின்றுகொண்டது.

மேடை எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. பந்தயத்துக்கு முன்னால் பனியின் மேல் யாரும் கால் வைக்கக்கூடாது என்பது விதி. ஆனால் வெள்ளைத் தரையின் நடுவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாவிட்டால், பந்தயம் நடந்ததற்கு என்ன அடையாளம் என்று துணைத்தலைவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பனியின் மேல் நிற்க அனுமதி இருந்தது சறுக்குவண்டிகளுக்கும் அவற்றை இழுக்கும் நாய்களுக்கும் மட்டும். எனவே இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, குறுக்கே பலகை அடித்து, ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் நாற்காலிகளைப் போட்டார்கள். மைக் வந்தது. பேனர் வந்தது. நிர்வாகிகள் மரத்து வேரிலிருந்து நேராக மேடைக்குத் தாவினார்கள். ஆமையைத் தூக்கிப் போட்டார்கள். செயலாளருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி காலியாக விடப்பட்டது.

நாய்களைக் காலையிலேயே வாரில் பூட்டியிருந்தார்கள். விழா முடிந்ததும் மேடையைப் பிரித்துவிட்டுப் பந்தயத்தைத் தொடங்குவதாக ஏற்பாடு. ஓட்டுநர் தேவாங்கு பலகைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

சிறப்பு விருந்தினர் கரடி. ஒன்றுவிட்ட உறவுக்காரர் ஒருவர் துருவப் பக்கம் வெள்ளையாக இருக்கிறார் என்பதால் அவரை அழைத்திருந்தார்கள். அவர் கையில் கொடியைக் கொடுத்தார்கள். அவர் கையிலிருக்கும் கொடி அசைந்ததும் அணிகள் புறப்பட வேண்டும் என்பது விதி. பொட்டு குட்டியாக இருந்தபோதே மனப்பாடம் செய்த விதி அது.

வரவேற்புரை நடந்தது. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. செயலாளருக்குப் போர்த்திய பொன்னாடையைத் திரும்ப எடுக்க முடியவில்லை. துணைத்தலைவர்கள் ஒவ்வொருவராக வாழ்த்துரை வழங்கினார்கள். நேரமின்மையால் சுருக்கமாக முடிக்கிறேன் என்று எல்லோருமே நீளமாகச் சொன்னார்கள். வெயில் உச்சிக்கு ஏறி, மறுபக்கம் இறங்கத் தொடங்கியது.

“பொட்டு, போன வருஷத்தைவிட இந்த வருஷம் நல்லா நிக்கிறே,” என்றான் வீரணன். “நிக்கிற பந்தயம் வெச்சா கப்பு உனக்குத்தான்.”

“நீ மட்டும் என்ன, ஓடிட்டா இருக்கே?”

“நமக்கு ஒண்ணும் அவசரமில்லை தாயி. எனக்கு வயசு நாலு.”

பொட்டுவின் காதுமடல் லேசாகத் தூக்கிக்கொண்டது. மேற்கிலிருந்து காற்று. சரிவின் ஓரத்தில் ஒரு கற்றைப் பஞ்சு எழுந்து, யோசித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று எழுந்தது. அது உட்காரவில்லை.

மேடையில் கரடி பேசிக்கொண்டிருந்தார். “பனி என்றால் என்ன? பனி என்பது குளிர்ச்சி. குளிர்ச்சி என்றால் என்ன?”

“ஐயா,” என்று பொட்டு திரும்பிப் பார்த்துச் சொன்னாள். “பனி பறக்குதுங்க.”

“பேசும்போது குறுக்க பேசாதம்மா,” என்றார் தலைவர். “இல்லேன்னா உன்னையும் துணைத்தலைவர் ஆக்க வேண்டியிருக்கும்.”

செயலாளர் மெதுவாகத் தலைவர் காதருகே குனிந்தார். தலைவர் அந்தப் பக்கமாக விலகினார். ஆனாலும் பொட்டுவுக்குக் கேட்டது. “பொழுது சாயப் போகுது தலைவரே. பந்தயத்தை அடுத்த பருவத்துக்கு வெச்சுக்கலாம். விழா நல்லா நடந்துட்டுது. வாத்துக்கிட்ட படத்தைக் காட்டினா போதும்.”

“நானே அறிவிச்சுடறேன். விருந்தினர் முடிக்கட்டும்.”

ஆலோசகர் என்ற வார்த்தை பொட்டுவுக்குள் ஈரச் சாக்குபோல் விழுந்தது. அவள் கொடியைப் பார்த்தாள். வெள்ளைத் துணி, கரடியின் மடியில் சும்மா கிடந்தது.

வெயில் கரடியின் முகத்தில் அடித்தது. உடம்பு முழுக்க முடி. வியர்த்து வழிந்தது. குளிர்ச்சி என்றால் என்ன என்ற கேள்விக்கு மறுபடி வந்து சேர்ந்தபோது வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது. கரடி மடியிலிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். பிறகு ஈரம் போக, துணியைப் பட்டென்று ஓர் உதறு உதறினார்.

கொடி அசைந்தது. அசைத்தாரா, உதறினாரா என்று பார்ப்பது நாயின் வேலை என்று எந்த விதியிலும் இல்லை.

பொட்டு ஓடினாள்.

அவள் பின்னால் நான்கு நாய்களும் ஓடின. வீரணன் “ஏய்” என்றான். அதற்குள் பலகை அவனையும் சேர்த்து இழுத்தது. செந்நாய்களும் ஓடத் தொடங்கின. பத்து நாய்களும் பாய்ந்ததும், மேடை ஒருமுறை முக்கியது. அப்புறம் வழுக்கியது.

பொட்டு இதை எத்தனையோ முறை கனவில் ஓடியிருக்கிறாள். கனவில் இவ்வளவு வேகம் இல்லை. பாதத்துக்கு அடியில் பஞ்சு, பஞ்சுக்கு அடியில் காய்ந்த புல், அதற்கும் அடியில் உலகம் சாய்ந்திருந்தது. வார் நெஞ்சில் இறுகி, அவளைப் பின்னால் பிடித்தபடியே முன்னால் தள்ளியது. நாக்கு பக்கவாட்டில் பறந்தது. சரிவிலிருந்த பஞ்செல்லாம் கிளம்பி முகத்தில் மோத, அவள் தும்மினாள், சிரித்தாள், மறுபடி தும்மினாள்.

மேடையில் கரடியின் உரை தொடர்ந்தது. அதில் அதற்குப் பிறகு ஒரே எழுத்துதான் இருந்தது. அது ஆ. பேனர் பிய்ந்து ஆமையைச் சுற்றிக்கொண்டது. நாற்காலிகள் செயலாளரை நோக்கி நகர்ந்தன. கூட்டமைப்பின் வரலாற்றில் துணைத்தலைவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது அன்றுதான். செயலாளர் மட்டும் சாய்ந்து வந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விழா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாததால், பாதுகாப்புக்கு நன்றியுரையைத் தொடங்கிவிட்டார்.

“பொட்டு, பிரேக்கை யார் போடுவா?” என்று கத்தினான் வீரணன்.

“தேவாங்கு.”

“அது தூங்குது.”

“தூங்கட்டும்.”

இரண்டு மூக்குகளும் ஒன்றாக முடிவுக்கோட்டைத் தாண்டின. மேடை அவர்களையும் தாண்டிப் போய் ஆற்று மணலில் குத்தி நின்றது. மேலிருந்தவர்கள் நிற்கவில்லை. மணலில் வரிசையாக வந்து விழுந்தார்கள். யாருக்கும் அடி இல்லை. சிலருக்கு முள் மட்டும். பலகைக்கு அடியிலிருந்து தேவாங்கு எட்டிப் பார்த்தது. “ஆரம்பிச்சாச்சா?”

வாத்து மணலில் கிடந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு சொன்னது: “நான் எத்தனையோ நாட்டுப் பந்தயம் பார்த்திருக்கேன். நிர்வாகம் முழுக்க வண்டியிலே ஏறி வந்ததை இப்பத்தான் பார்க்கிறேன். இவ்வளவு ஈடுபாடு எங்கேயும் கிடையாது.”

தலைவர் வாயிலிருந்த மணலைத் துப்பினார். “ஆரம்பத்திலேருந்தே அதுதான் எங்க திட்டம்.”

பதக்கம் வண்டியில் வந்தவர்களுக்கே என்பது விதி. கோட்டுக்கு அப்பால் அதிகத் தூரம் போய் விழுந்த கரடிக்கு முதல் பரிசு. தலைவருக்கு இரண்டாம் பரிசு. மூன்றாவதாக விழுந்தது மைக். மைக்குக்குப் பதக்கம் கொடுக்க விதியில் இடம் இல்லாததால், அதைப் பிடித்திருந்தவருக்குக் கொடுத்தார்கள். காடே கைதட்டியது. பொட்டு மணலில் நான்கு காலையும் பரப்பிக் கிடந்து, “அடுத்தது எப்போ?” என்று கேட்டாள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது இல்லை. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் பந்தயமே நடக்கவில்லை. வாத்து போய்ச் சொன்னதில் அங்கீகாரம்தான் நிரந்தரமாகிவிட்டதே. பொட்டுவுக்கும் எட்டு வயது ஆனது. பந்தயத்தில் ஓடக்கூடாது என்று கடிதம் வந்தது.

ஆனால் அன்று எடுத்த படத்தில் நிர்வாகிகள் அனைவரும் வாய் திறந்து, முடி பறக்க, பெரிய சாதனையாளர்கள்போல் இருந்தார்கள். அப்படி ஒரு படம் அவர்களுக்கு அதற்கு முன் அமைந்ததில்லை. எனவே இனிமேல் கூட்டமைப்பின் எல்லாக் கூட்டங்களும் சறுக்குவண்டி மேல்தான் என்று தீர்மானம் போட்டார்கள். பனி வேண்டியதில்லை, சேறு போதும் என்று அதற்கொரு திருத்தமும் வந்தது. செயற்குழு, பொதுக்குழு, அவசரக்குழு, சென்ற கூட்டத்தைப் பற்றி விவாதிக்கும் கூட்டம் என்று வாரத்தில் எந்த நாளும் ஏதாவது ஒன்று இருந்தது. அவர்களுக்கு அதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

கூட்டத்தை இழுக்கும் நாய்களுக்கு வயது வரம்பு எதுவும் கிடையாது. வார் பழையதாகி இரண்டு முறை மாற்றினார்கள். பொட்டு இன்றைக்கும் முதல் நாய். கூட்ட அறிவிப்பு வந்தால் வாலைக் கடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றுவாள். தீர்மானம் எதுவும் நிறைவேறாத கூட்டம் என்றால் அவளுக்குக் கூடுதல் மகிழ்ச்சி. மறுநாளே இன்னொன்று வைப்பார்கள்.

நீதி: நிர்வாகிகளைத் திருத்த முயன்று வயதைத் தொலைக்காதீர்கள். அவர்கள் உட்காரும் மேடைக்கு அடியில் இரண்டு சறுக்குக் கட்டைகளைப் பொருத்திவிட்டால் போதும்.