ஏனுங்க மேஸ்திரியும் சம்பந்தியின் சுருட்டும்

பெட்ரோல் டாங்கியிடம் அனுமதி கேட்டு அதன் மூடியைத் திறந்த மனிதர் கோயமுத்தூர் சீமையிலேயே ஒருவர்தான். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 'ஏனுங்க' என்று கூப்பிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அதனால் ஏனுங்க மேஸ்திரி. தெருநாயிடம்கூட, "ஏனுங்க, சித்தெ தள்ளிப் படுக்கறீங்களா?" என்பார். நாயும் தள்ளிப் படுக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் மோட்டார் படகு வாங்கி ஏரியில் விட்டிருந்தார். அவரிடம் நான் மாட்டுவண்டி ஓட்டினேன். மேஸ்திரி படகு ஓட்டினார். ஐப்பசி மழை பிடித்தால் தை பிறக்கும்வரை படகுக்குக் கொட்டகைதான். பெட்ரோல் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் பிசினாகிவிடும் என்று டாங்கியைக் காலி செய்து, காய விட்டு, துரு ஏறாமல் எண்ணெய் பூசி மூடுவார்.

ஒரு வருஷம் அந்த வேலை நடந்த அன்றே, முதலாளியின் மகளைத் தன் மகனுக்குக் கேட்டு ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் வந்தார்.

"மேஸ்திரி, அவரு மனசு கோணுனா சம்பந்தம் போச்சு. பாத்துப் பேசுங்க" என்று முதலாளி காலையிலேயே எச்சரித்திருந்தார். யாரிடம் போய் மரியாதையைச் சொல்லிக் கொடுத்தார், பாருங்கள்!

கொட்டகை முழுக்கப் பெட்ரோல் வாடை. டாங்கியின் குழாயிலிருந்து வடிந்த பெட்ரோலுக்கு நான் தகர டின்னைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படகைப் பார்க்கும் ஆசையில் வருங்காலச் சம்பந்தி உள்ளே வந்தார். வாயில் சுருட்டு. அதன் நுனியில் நெருப்பு.

மேஸ்திரி குழாயை அடைத்துவிட்டு எழுந்து கும்பிட்டார்.

"ஏனுங்க, வாங்க வாங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?"

"சௌக்கியந்தான்."

"ஈரோட்டுல மழை தண்ணி உண்டுங்களா?"

"பரவால்ல." சம்பந்தி ஓரடி முன்னால் வந்தார்.

"மஞ்ச என்ன வெலைங்க?"

விலையைச் சொல்வதற்காக சம்பந்தி சுருட்டை வாயிலிருந்து எடுத்து, சாம்பலைத் தட்ட விரலைத் தூக்கினார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தச் சுருட்ட எனக்குக் குடுக்கறீங்களா?"

எச்சில் சுருட்டை அவரிடம் அதுவரை எவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. திகைத்துப்போய் நீட்டிவிட்டார். மேஸ்திரி அதை இரண்டு கைகளாலும் வாங்கி, வெளியே நடந்து, ஏரியில் போட்டுவிட்டு வந்தார்.

"ஏய்யா, ஆசையாக் கேட்டயேன்னு குடுத்தா, தண்ணியில போட்டுட்டு வாரயா?"

"மன்னிச்சுப்போடுங்க. டின்னுல இருக்கறது பெட்ரோலுங்க. பொறி உழுந்திருந்தா நாம மூணு பேரும் இப்பப் பேசிட்டு இருக்க மாட்டமுங்க."

சம்பந்தி டின்னைப் பார்த்தார். பக்கத்திலிருந்த கல்லில் மெதுவாக உட்கார்ந்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

"ஊருக்கு வந்தவங்களச் சௌக்கியம் கேக்காம எப்படிங்க?"

சம்பந்தி நேரே முதலாளியிடம் போனார். "உசுரு போற நேரத்துலயும் உங்க ஆளு மரியாதைய உடலீங்க. நாள் பாத்துரலாமுங்க" என்றார். ஒரே ஒரு நிபந்தனை: கல்யாண வாசலில் வரவேற்க மேஸ்திரிதான் நிற்க வேண்டும்.

நின்றார். ஒவ்வொருவரையும் விசாரித்து அனுப்புவதற்குள் வாசலில் காத்திருந்த கூட்டம் தோப்பைத் தாண்டி நீண்டுவிட்டது. பாதிப் பேர் தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற என்னையும் நிறுத்தி, என் காளைகளின் சௌக்கியம்வரை கேட்டார்.

இப்போதும் கல்யாணங்களுக்குப் போகிறேன். பன்னீர் தெளித்து உடனே உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். நான் மட்டும் வாசலில் சற்று நின்றுவிட்டுத்தான் போகிறேன்.