தூங்கிப் பார்த்து எடுத்த வீடு

மலாக்கா மாநிலத்திலேயே கம்பெனி நேரத்தில் கனவு கண்டு, அதற்காகவே சம்பளமும் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பெர்மிட் அண்ணன்தான். சொந்தப் பெயர் என்னவென்று எனக்கே சட்டென்று ஞாபகம் வராது.

மெர்லிமாவ் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. வெளிநாட்டிலிருந்து வரும் எஞ்சினியர்களுக்கு வேலை பெர்மிட் எடுப்பது, வீடு பார்ப்பது, ஒப்பந்தம் முடியும்வரை ஊருக்கு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் சொல்வதை டைப் அடிப்பது அடுத்த மேசையில் இருந்த என் பாடு.

வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். அண்ணன் தலையணையோடு போவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் காலி வீட்டில் பாய் விரித்து ஒரு மணி நேரம் தூங்குவார். நல்ல கனவு வந்தால்தான் வீடு தேறும். நீச்சல் குளம் வைத்த பங்களாவை ஒரே தூக்கத்தில் தள்ளிவிட்டு வந்தார்.

"ஏண்ணே, அவ்ளோ அழகான வீடு?"

"அழகா இருந்து என்னா லா? படுத்தா கனவுல கணக்குப் பரீட்ச எழுதுறேன். மனுசன் இருப்பானா அங்க?"

இதற்கிடையில் மூன்று எஞ்சினியர்கள் வரிசையாகப் பாதியிலேயே ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்து வரும் ஜெர்மன்காரரும் போனால் அண்ணனின் நாற்காலி கோலாலம்பூர் ஏஜெண்டுக்கு என்று தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் பயந்துபோய் ஐந்து வீடுகளில் தூங்கினார். கடைசியில் செலண்டாரில் ரப்பர் தோட்டத்து ஓரமாக ஒரு வீடு. கன்னத்தில் பாய்க் கோடுகளோடு திரும்பி வந்தார்.

"தங்கச்சி, கனவுல ரப்பர் காய் வெடிச்சு வெதையெல்லாம் மேல போவுது. போயிப் போயி நட்சத்திரமா ஒட்டிக்குது. டைப் பண்ணும்மா, இந்த வீடுதான்."

இரண்டே மாதம். ஜெர்மன்காரர் கண்கள் சிவந்து வந்து, தூக்கமே இல்லை, ஊருக்கு டிக்கெட் போடுங்கள் என்றார். அண்ணன் முகம் செத்துவிட்டது. பிறகு அவரிடம் எந்தப் பெர்மிட் படிவத்திலும் இல்லாத ஒரு கேள்வி கேட்டார்: சின்ன வயதில் எங்கே படுத்துத் தூங்கினீர்கள்?

அப்பாவின் ரொட்டிக் கடைக்கு மேலே என்றார் அவர். கீழே மாவு பிசையும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்குமாம்.

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாத்தியாம்மா! நான் தூங்குனது என் தூக்கம்லா. தோட்டத்துல பொறந்தவன் தூக்கத்தக் கொண்டுபோயி அவருக்குக் குடுத்துருக்கேன்."

அன்று மதியமே மெர்லிமாவ் டவுனில் ஒரு ரொட்டிக் கடை மாடிக்கு அவரை அழைத்துப் போனோம். "எஞ்சினியர ரொட்டிக் கட மேலயா குடி வைப்பீங்க?" என்று மேலாளர் போனில் கத்தினார். அண்ணன் யாருக்கும் தராத தன் தலையணையைத் தந்துவிட்டு, என்னோடு படியில் உட்கார்ந்தார். கீழே மெஷின் தொம் தொம் என்று பிசைந்தது. ரோட்டில் மோட்டார்கள் போயின. பத்தே நிமிடத்தில் மேலிருந்து குறட்டை. அண்ணன் வாயில் விரலை வைத்து என்னை அடக்கினார். அவர் கண்ணில் தண்ணீர்.

ஜெர்மன்காரர் இரண்டு வருடம் முடித்து, இன்னொரு வருடம் கேட்டு வாங்கினார். நாற்காலியும் தப்பியது.

இந்த வருடம் என்னை வியட்நாம் கிளைக்குப் போகச் சொன்னார்கள். எனக்கு உள்ளூரப் பயம், யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் லீவு போட்டிருக்கிறார் என்று மட்டும் தெரியும். நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, வியட்நாமில் எனக்குப் பார்த்த வீட்டிலிருந்து போன் செய்தார்.

"தங்கச்சி, நீ பொறந்து வளந்த சுங்கை ரம்பாய் வீடு மாதிரியே இங்கயும் பக்கத்துல தகரக் கூர. மழ நல்லா கேக்குது. நான் தூங்கிப் பாத்துட்டேன். பயப்படாம வா."

"கனவுல என்னண்ணே வந்துச்சு?"

"நீ வேல முடிஞ்சு திரும்பி வந்து, ஒன் மேசையில உக்காந்திருந்த."

அந்தக் கனவை நம்பித்தான் இங்கே நான் தினமும் தூங்குகிறேன்.