வாசல் திரையில் வேறு மாப்பிள்ளை

"எங்க பொண்ணு யுவஸ்ரீ. மாப்ள ஸ்ரீதர். இது யாருங்க குணசேகரன்?"

காலை ஐந்தரைக்குக் கல்யாண மண்டபத்தின் அலுவலக அறையைத் திறந்த எழுத்தர் கஜபதியை மடக்கிக் கேட்டவர், பெண்ணின் சித்தப்பா சடகோபன். பின்னால் பட்டும் சீர்த்தட்டுமாக நாற்பது உறவுக்காரர்கள். வாசலின் பெரிய மின்திரையில் 'குணசேகரன் – சௌமியா' என்று பூ உதிர்ந்துகொண்டிருந்தது.

கஜபதி இரண்டு நாள் விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தார். நேற்றைய கல்யாணத்துப் பெயரை மாற்ற மறந்திருப்பார்கள் என்று முடிவு கட்டினார். கேட்கலாமென்றால் மேனேஜர் மலைமேல் தரிசன வரிசையில்; போனை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு, வந்தவர்களைக் காபிக்கு அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

அங்கே பெயரை மாற்றினால், வாசலில் இருக்கும் சின்ன மெஷின் அந்த ஃபைலைக் காப்பி எடுத்துத் திரையில் காட்டும். மாற்றினார், காப்பி எடுக்கும் பொத்தானை அழுத்தினார், ஓடிப்போய்ப் பார்த்தார். குணசேகரன் நகரவில்லை. மறுபடி அழுத்தினார். அப்போதும் குணசேகரன்தான்.

ஆத்திரத்தில் வாசல் மெஷினில் இருந்த ஃபைலை அழித்தார். திரை இருண்டது. முகூர்த்த நாளில் இதென்ன அபசகுனம் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பதறிப்போய் இன்னொரு முறை பொத்தானை அழுத்தினார். குணசேகரன் சௌமியாவோடு திரும்பி வந்துவிட்டார். மெஷினையே அணைத்துவிடலாமென்று ஒரு வயரைப் பிடுங்கினார். சமையற்கட்டில் கிரைண்டர் நின்றது. சமையல்காரரும் கரண்டியோடு சண்டைக்கு வந்தார்.

வேறு வழியில்லாமல், இந்த இணைப்பையெல்லாம் போட்டுக் கொடுத்த ஷோபனாவுக்குப் போன் செய்தார். மணவூரில் ரயிலுக்குக் காத்திருந்த அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணா, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல புதுசுதான் கீது. வாசல் மெஷின்தான் முன்னாடி பாத்தத ஞாபகத்துல வெச்சிக்கினு, அதையே காப்பி எடுக்குது. அதே ஃபைல் பேரா இருந்தா மறுபடி வந்து பாக்காது. வேற பேர்ல சேவ் பண்ணிக் குடுங்க."

'புதுசு' என்று பெயர் வைத்து அனுப்பினார் கஜபதி. திரை ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. 'ஸ்ரீதர் – யுவஸ்ரீ'.

நாற்பது பேரும் கை தட்டினார்கள். பெண்கள் திரைக்கே ஆரத்தி எடுத்தார்கள். சடகோபன் தம் தோளிலிருந்த பட்டுத்துண்டைக் கஜபதிக்குப் போர்த்தி, படித்தவன் படித்தவன்தான் என்றார். பந்தியில் பொங்கலும் வடையும் பறந்தன. சமையல்காரர்கூடச் சமாதானமாகி, கஜபதிக்கு இரண்டு வடை அதிகமாக வைத்தார். பதினெட்டு வருட வேலையில் இப்படியொரு மரியாதையைக் கஜபதி கண்டதில்லை.

இரண்டாம் பந்தி உட்காரும்போது, அவர்களை ஏற்றிவந்த வேன் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வந்தான்.

"நைனா, கோச்சுக்காதீங்க. கை கழுவிக்கினு எல்லாரும் வண்டியில ஏறுங்க. நம்ம மண்டபம் கே.ஜி.கண்டிகையில கீதாம்."